மறு: ‘ஃபர்ஸ்ட் ஆர்டர் மெத்தட்’ – ‘முதல்படி முறை’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

உகப்பாக்க (ஆப்டிமைசேஷன்) மென்பொருள்களின் கையேடுகளுக்கான நம் சொற்கோப்பில் ‘ஃபர்ஸ்ட் ஆர்டர் மெத்தட்’டுக்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு இது என் பதில். பெரும்பாலும் சாய்வு போன்ற எளிய தகவலை வைத்து, ஒரு சார்பின் மிகச்சிறிய மதிப்பைச் சுற்றுச் சுற்றாக நெருங்கும் முறைகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

> ‘முதல்படி முறை’ என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் ஓஎஸ்கியூபி கையேட்டின் முதல் பத்தியிலேயே இது இடிக்கும். அந்தக் கட்டற்ற மென்பொருள் தீர்ப்பது இருபடித் திட்டமிடல் கணக்குகளை, அதாவது நேரியல் கட்டுப்பாடுகளுக்குள் ஓர் இருபடிச் சார்பின் மிகச்சிறிய மதிப்பைத் தேடும் கணக்குகளை. ‘இருபடிக் கணக்கை முதல்படி முறையால் தீர்க்கும்’ என்று எழுதினால், இரண்டு ‘படி’யும் ஒன்றே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒன்று சார்பின் அடுக்கைச் சொல்வது. மற்றது வகைக்கெழுவின் வரிசையைச் சொல்வது. மேல்நிலைக் கணிதப் பாடநூல் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு வரிசை வேறு, படி வேறு என்று தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டு ‘முதல் வரிசை முறை’ என்போம். அணியின் முதல் வரிசையோடு குழம்பாது. அதற்கு நிரை என்ற சொல் இருக்கிறது.

> நேராக ‘முதல் வகைக்கெழு முறை’ என்றே சொல்லிவிடலாமே?

1847-இல் கோஷி முன்வைத்த சாய்வு இறக்கத்துக்கு (சார்பு வேகமாகக் குறையும் திசையில் சிறிது சிறிதாக நகரும் முறை) இது அப்படியே பொருந்தும். இன்றைய மென்பொருள்களுக்குப் பொருந்தாது. மட்டு மதிப்புகளின் கூட்டுத்தொகையைப் பாருங்கள்: சுழியத்தில் முனை இருக்கும், வகைக்கெழு இருக்காது. பெக், டெபூல் இருவரும் 2009-இல் கொடுத்த ஃபிஸ்டா முறை, வழவழப்பான பகுதிக்குச் சாய்வை வைத்து ஒரு நகர்வு, முனையுள்ள பகுதிக்கு ‘பிராக்ஸிமல்’ நகர்வு (இருக்கும் புள்ளியை விட்டு அதிகம் விலகாமல் அந்தப் பகுதியைக் குறைப்பது) என்று பிரித்துக்கொள்கிறது. ஓஎஸ்கியூபியோ சாய்வு என்று தனியாக எதையும் கணக்கிடுவதில்லை. தொடக்கத்தில் ஓர் அணியைக் காரணிப்படுத்தி (எளிய அணிகளின் பெருக்கமாகப் பிரித்து), பெரும்பாலும் அதையே சுற்றுக்குச் சுற்று பயன்படுத்துகிறது. கூகுளின் ஓஆர்-டூல்ஸ் மென்பொருள் தொகுப்பில் உள்ள பிடிஎல்பி அதுகூடச் செய்வதில்லை. அணியை வெக்டரால் பெருக்குவதுதான் அதன் முக்கிய வேலை. காரணிப்படுத்தினால் நினைவகத்தில் அடங்காத பெரிய நேரியல் கணக்குகளையும் அதனால்தான் அது எடுத்துக்கொள்கிறது. பெயரிலேயே வகைக்கெழு வந்தால், தன் சார்புக்கு முனை இருக்கிறதே என்று பயனர் ஒதுங்கிப் போய்விடுவார். இந்த மென்பொருள்கள் அப்படிப்பட்டவருக்கும் சேர்த்து எழுதப்பட்டவை.

‘படி’யை இங்கிருந்து விடுவிப்பதில் எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. ‘ஸ்டெப்’ என்பதற்கு அதுதான் மிக இயல்பான சொல். ‘படி நீளம்’, ‘சாய்வுப் படி’, அப்புறம் பிராக்ஸிமலுக்கு ‘அண்மைப் படி’ என்று மூன்றும் ஒரே குடும்பமாக அமையும். ‘அண்மைச் செயலி’ என்று முன்பு வந்த பரிந்துரையைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். செயலி என்றாலே இன்று கைபேசி ஆப்தான் நினைவுக்கு வருகிறது.

யாருக்கும் மறுப்பில்லை என்றால் இந்த நான்கையும் சொற்கோப்பில் சேர்த்துவிடுகிறேன். ‘டாலரன்ஸ்’ பாக்கி இருக்கிறது: எவ்வளவு பிழை மிஞ்சினால் விடையை ஏற்று நிறுத்தலாம் என்ற அளவு. இந்த முறைகள் தோராயமான விடையை வேகமாகத் தந்துவிடும், கடைசி இலக்கங்களுக்குத்தான் இழுக்கும். அதனால் பயனர் அதிகம் தொடும் அமைப்பு இதுவாகத்தான் இருக்கும். ஓஎஸ்கியூபியில் இதன் இயல்பு மதிப்பு 0.001. ‘சகிப்பு’ என்று இப்போது கோப்பில் இருப்பது சொல்லுக்குச் சொல் எடுத்தது. ‘பிழை வரம்பு’ என்று மாற்றலாமா?

அன்புடன்