வெட்டவெளி நாற்சந்தியில் வண்டி ஏன் கண்ணில் படுவதில்லை?

அனைவருக்கும் வணக்கம்.

கிராமச் சாலை விபத்துகள் பற்றிய மடல்களில், "சுற்றிலும் வெட்டவெளி, வந்த வண்டி எப்படித் தெரியாமல் போகும்? போனைத்தான் நோண்டியிருப்பார்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நோண்டுபவர்கள் உண்டுதான். ஆனால் சாலையைப் பார்த்துக்கொண்டே போய் மோதுபவர்களும் உண்டு.

குறுக்குச் சாலைகளில் இரண்டு வண்டிகள் சீரான வேகத்தில், ஒரே நேரத்தில் சந்திப்பை அடையும்படி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது கடைசிவரை ஒரே கோணத்தில்தான் தெரியும். பக்கவாட்டில் நகராது, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், அவ்வளவுதான். ஓரக்கண் அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். கப்பல்காரர்களுக்கு இது பழைய பாடம்: நெருங்கி வரும் கப்பல் தெரியும் திசை மாறாவிட்டால் மோதல் அபாயம் என்று சர்வதேசக் கடல் விதியிலேயே இருக்கிறது.

காரில் இன்னொரு வில்லங்கம், முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் தூண். கார் உருண்டால் நசுங்காமல் காப்பாற்றுவதும் அதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் பின்னால் ஒரு பைக் முழுதாக மறைந்துவிடும். கோணம் மாறவில்லையென்றால் மறைந்தபடியே வந்து சேரும். இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட் பகுதியின் இப்லி கிராஸ் சந்திப்பைச் சுற்றி எல்லாம் திறந்தவெளி. அங்கேதான் 2011இல் சைக்கிளில் போன ஒருவரும், சில ஆண்டுகள் கழித்து இன்னொருவரும் கார் மோதி இறந்தார்கள்.

ஆகவே சந்திப்பு தெரிந்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். வேகம் மாறினால் கோணமும் மாறும், ஒளிந்திருந்தது வெளியே வரும். தலையை முன்னும் பின்னும் அசைத்து இரண்டு தடவை பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். மெயின் ரோட்டில் வருபவருக்கும் இது பொருந்தும். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். சாலைப் பொறியாளர்கள் ஓட்டுநர் சுதாரிக்க 2.5 நொடி வைத்துக் கணக்குப் போடுவார்கள். அப்படியானால் பிரேக்கை மிதிக்கும் முன்பே 55 மீட்டர் போய்விடும்.

அப்புறம், மெயின் ரோட்டில் வரும் லாரி இண்டிகேட்டர் போட்டுத் திரும்புகிறது என்று உடனே உள்ளே நுழைந்துவிடாதீர்கள். அதன் பின்னால், அதன் மறைவிலேயே, நேராகப் போகிற இன்னொரு வண்டி வந்துகொண்டிருக்கலாம். லாரி முழுதாக விலகட்டும்.