காசநோயாளி வீட்டுக்கு மாத்திரையோட பருப்பும் போகணுமா? (ஏற்காடு)

நாகலூர்மிளகு:
2023 ஆகஸ்ட்ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வைப் பத்தித்தான் கேக்கறேன். ஜார்க்கண்ட்ல 2,800 காசநோயாளிங்க. எல்லாருக்கும் மாத்திரையோட மாசம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தாங்க. அதுல ஒரு பிரிவுக்கு மட்டும், வீட்டுல கூட இருக்கறவங்களுக்கும் தலைக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒண்ணரை கிலோ பருப்பு. அந்த வீடுகள்ல புதுசா காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சுது.

இங்க என்ன வந்திருக்கு? நோயாளி பேங்க் கணக்குல மாசம் 500 ரூபாய், 2024 நவம்பர்ல இருந்து 1,000. வீட்டாருக்கு உணவு, கொடையாளர் யாராவது கிடைச்சா உண்டு. எங்க எஸ்டேட் லைன் வீட்டுல ஒரே அறையில அஞ்சு பேர் படுக்கறோம். எங்க சித்தப்பா ஆறு மாசமும் ஒரு வேளை தவறாம மாத்திரை போட்டார். அவர் தேறி வந்த மறு வருஷம் அவர் பொண்ணு இரும ஆரம்பிச்சா. இப்படி ஒரு ஆய்வு கையில இருந்தும் நம்ம மலைக்கு ஏன் வரலை?

அஸ்தம்பட்டிலேப்:
தம்பி, உங்க வீட்டுக் கஷ்டம் புரியுது. ஆனா அந்த முடிவை அப்படியே இங்க தூக்கிட்டு வர முடியாது. இங்க 2011-ல இருந்து ரேஷன் அரிசி இலவசம். அந்த ஆய்வுக்கு ஆள் சேர்த்த 2019-ல வீட்டாருக்கான தடுப்பு மாத்திரை அஞ்சு வயசுக்குக் கீழதான் வழக்கம். 2021-க்கு அப்புறம்தான் எல்லா வயசுக்கும். தடுப்பு மாத்திரை போடற வீட்டுல சாப்பாடு தனியா எவ்வளவு காப்பாத்தும்னு அந்த ஆய்வு சொல்லாது. நம்ம பக்கத்து நோயாளிங்கள்ல சர்க்கரை, குடி ரெண்டும் ஜாஸ்தி. சர்க்கரைக்காரருக்கு மூட்டை அரிசி கொடுத்து என்ன பண்றது?

இன்னொண்ணு. 1956-ல சென்னை சேத்துப்பட்டுல தொடங்கின காசநோய் மையம், வீட்டுல வெச்சு வைத்தியம் பண்ணாலும் சானடோரியத்துக்கு (காசநோயாளிங்களை மாசக்கணக்குல தங்க வெச்சுப் பார்க்கற ஆஸ்பத்திரி) சமமா குணமாகுதுன்னு 1959-ல காட்டுச்சு. வீட்டுல இருந்தவங்க சாப்பாடு மோசம், இருந்தும் குணமானாங்க. உலகமே அதைப் பார்த்து மாறுச்சு. முதல்ல இங்க சோதிச்சுப் பார்க்கணும்ங்கறேன்.

நாகலூர்மிளகு:
சார், ரேஷன் கடை ஜார்க்கண்ட்லயும் இருக்கு. பேச்சு அரிசியைப் பத்தி இல்லை. நம்ம கார்டுக்கு மாசம் ஒரு கிலோ துவரம்பருப்பு, அதுவும் 30 ரூபாய்க்கு. ஆய்வுக் கணக்குப்படி நோயாளி போக நாலு பேர் இருக்கற வீட்டுக்கு 6 கிலோ வரணும். அந்த அஞ்சு கிலோ பள்ளத்தைத்தான் நான் கேக்கறேன். சேத்துப்பட்டுல பார்த்தது மருந்தால கிருமி போகுதாங்கறது. வயிறு காயற வீட்டுல அடுத்தவருக்கு வருதான்னு பார்த்தது இந்த ஆய்வு. ரெண்டும் வேற கேள்வி.

கோரிமேடுசெவிலி:
ரெண்டு பேருக்கும் வணக்கம். இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். எங்க தாத்தா பெருந்துறை சானடோரியத்துல ஒரு வருஷம் கிடந்தவர், அதனால சேத்துப்பட்டு ஆய்வு எனக்கு ரொம்பப் பெரிசு.

ஆனா ஆராய்ச்சி நோயாளிகிட்ட வந்து சேர்றதை நான் கண்ணால பார்த்தது 2022-லதான், காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தப்ப. புது மருந்து கிடையாது. ஒரு தாள், தராசு, விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர், அவ்வளவுதான். உயரத்துக்கு எடை எவ்வளவு, கால் வீக்கம் உண்டா, நிமிஷத்துக்கு மூச்சு எத்தனை, எதையும் பிடிக்காம நிக்க முடியுதா. அஞ்சடி ஓரங்குலம் உள்ளவர் 33 கிலோன்னா உடனே ஆஸ்பத்திரிப் படுக்கை. அதுக்கு முன்னாடி அவரையும் மாத்திரைப் பொட்டலத்தோட வீட்டுக்கு அனுப்பியிருப்போம். சாவு பாதிக்கு மேல முதல் ரெண்டு மாசத்துலயே நடந்துடும்.

லேப் சார், தம்பி சொன்ன அதே ரேஷன்ஸ் ஆய்வுல இன்னொரு கணக்கு இருக்கு. முதல் ரெண்டு மாசத்துல எடை 5 சதவீதம் ஏறினவங்களுக்கு சாவு அபாயம் 61 சதவீதம் கம்மி. 40 கிலோ ஆளுக்கு ரெண்டு கிலோ. அது பருப்பும் முட்டையும் இல்லாம ஏறாது.

மலையில சிக்கல் வேற. படுக்கைன்னு எழுதிக் கொடுத்தா இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வரணும். கூட இருக்கறவர் கூலி போயிடும். போன மழையில ஒரு அம்மா மூணாம் நாளே சொல்லாம கிளம்பிட்டாங்க, வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க. நான் லைன் வீட்டுக்குப் போனப்ப அடுப்பு மூட்டிட்டு உக்காந்திருந்தாங்க. திட்டறதுக்கு வாய் வரலை.

அஸ்தம்பட்டிலேப்:
பருப்புக் கணக்கை ஒத்துக்கறேன், நான் அரிசியை மட்டுமே யோசிச்சேன். சர்க்கரை விஷயத்துல மாறமாட்டேன். அவங்களுக்கு அரிசியைக் குறைச்சு முட்டை, கொண்டைக்கடலை. அப்புறம், கொடுக்கறதோட நிறுத்தாதீங்க. வீட்டுல ஒவ்வொருத்தர் எடையும் மாசாமாசம் எழுதணும், தடுப்பு மாத்திரை போட்டாங்களான்னும் எழுதணும். இல்லன்னா பத்து வருஷம் கழிச்சும் இதே இடத்துல நின்னு பேசிட்டு இருப்போம்.

நாகலூர்மிளகு:
நோட்டு நான் போடறேன் சார். எங்க லைன்ல பதினாலு வீடு. காசநோய் வந்த மூணு வீட்டுல முதல்ல ஆரம்பிக்கறோம். பருப்புக்கு ஊர்ல நாலு பேர்கிட்ட கேட்டிருக்கேன், எழுதற வரைக்கும் அது காத்திருக்க வேண்டாம்.

கோரிமேடுசெவிலி:
தராசு நான் கொண்டாரேன். ஞாயித்துக்கிழமை காலையில சாப்பிடறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்கச் சொல்லுங்க தம்பி. குளிருக்குப் போட்டிருக்கற ஸ்வெட்டரைக் கழட்டிட்டுத்தான் ஏறணும்.