மறு: காபரேற்றர் ஜெட்டுக்குத் தமிழ் என்ன?

அன்பின் நண்பர்களுக்கு,

வெள்ளிக்கிழமை கைநூல் அச்சுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை கொட்டாஞ்சேனை வகுப்பில் பிள்ளைகள் பழைய பைக் காபரேற்றர்களை, அதாவது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கருவிகளை, கழற்றிச் சுத்தம் செய்யப் போகிறார்கள். அந்தக் கைநூலுக்கான தமிழ்ச் சொற்கள் பற்றி வந்த மடல்கள் எல்லாவற்றையும் வாசித்தேன்.

முதலில் கருவியின் பெயர். காபரேற்றருக்குப் பதிலாகச் சொல்லப்பட்ட ‘எரிவளிக் கலப்பி’யின் இகர விகுதிக்கு மண்வெட்டியையும் ஊருணியையும் சான்று காட்டியது சரிதான். ஆனால் பஞ்சிகாவத்தைக்கு உதிரிப்பாகம் வாங்கப் போகும் பிள்ளை, கலப்பி என்று கேட்டு வெறுங்கையோடு திரும்பக் கூடாது. வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறார். அதே வழியில் காபரேற்றர் இருக்கட்டும்.

> ஜெட் என்றால் தாரை. பாடநூலில் இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

தாரை என்பது பாய்வது. என் கையில் இருப்பதோ நடுவில் மயிர்த்துளை போட்ட சின்னப் பித்தளைத் திருகாணி. ‘தாரையைக் கழற்றி ஊதவும்’ என்று எப்படி எழுதுவது?

> வன்னிக் குளங்களில் நீரை அளந்து விடுவது துரிசு. இதற்கும் அதுவே பொருந்தும்.

இந்த மடலை மூன்று முறை வாசித்தேன். காபரேற்றரின் அடியில் பெற்றோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்திலிருந்து அதை ஜெட் அளந்து விடுவதும் அதே வேலைதான். ஆனால் துரிசைத் திறக்கலாம், மூடலாம். ஜெட்டின் துளை மாறாது. துரிசுக்குக் குற்றம் என்றும், செம்பு உப்பான மயில்துத்தம் என்றும் பொருள் உண்டு என்பதில் தொடங்கி, பித்தளையில் பூக்கும் பச்சைக் களிம்பு வரை மடல் எழுதிய ஐயா போய்விட்டார். நானும் ஒரு மணிநேரம் அகராதியோடு இருந்தேன். சொல் அழகு, ஆனால் கொழும்புப் பிள்ளைக்கு அதையும் விளக்க வேண்டும்.

நான் சொல்வது ‘கண்’. வலைக்கண், தேங்காய்க்கண் என்று துளையைக் கண் என்பது நம் வழக்கு. பெரிய துளையுள்ள மெயின் ஜெட் பெருங்கண், சிறிய துளையுள்ள ஸ்லோ ஜெட் சிறுகண்.

இதற்கு எனக்கொரு காரணம் உண்டு. 2022 இல் பெற்றோல் இல்லாமல் என் பைக் வாரக்கணக்கில் நின்றது. கிண்ணத்தில் மிச்சமிருந்த பெற்றோல் பிசினாகிவிட்டது. பிரேக் கேபிளின் ஒற்றை இழையால் மெயின் ஜெட்டைக் குத்தினேன். உருக்கு இழை, பித்தளைத் துளை! துளை அகன்று, பெற்றோல் கூடப் பாய்ந்து, பிளக் கரிபிடித்தது. பங்கீட்டில் வாரத்துக்கு 4 லீற்றர் கிடைத்த நாட்களில் பைக் கூடக் குடித்தது. கெய்ஹின் எனும் ஜப்பானிய நிறுவனத்தின் ஜெட்டில் 75 என்று பொறித்திருந்தால் துளை ஏறத்தாழ 0.75 மில்லிமீற்றர். அது 0.80 ஆனாலே பரப்பு 14 சதவீதம் கூடிவிடும். அடைபட்ட ஜெட்டை ஊறவைத்து, காற்றால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். துளை வட்டமாகத் தெரிந்தால் சரி. ‘ஜெட்டில் கம்பி விடாதே’ என்றால் பிள்ளை மறந்துவிடும். ‘கண்ணில் கம்பி விடாதே’ என்றால் கை தானாக நிற்கும்.

இதுவரை கண்ணுக்கு ஐந்து பேர், தாரைக்கு மூன்று பேர். துரிசு ஐயா அசையவில்லை. தாரைத் தரப்பிலிருந்து காலையில் வந்த கேள்வி: ‘அப்படியானால் கண்ணைக் கழற்றவும் என்று எழுதுவீர்களா?’ அது என்னையும் உறுத்துகிறது. முதல் பக்கத்தில் ‘ஜெட் எனும் கண்’ என்று போட்டிருக்கிறேன். கழற்றுவதற்கு வேறு நல்ல வினைச்சொல் இருந்தால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.