ரைட்-டு-லெஃப்ட் என்பதற்கு ‘இடஞ்செல்’

வணக்கம். மென்பொருளைத் தமிழாக்கும்போது ‘ரைட்-டு-லெஃப்ட்’ என்பதற்கு, அதாவது அரபுபோல் வலமிருந்து இடமாக எழுதுவதற்கு, என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

‘வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகள்’ என்று ஒரு மென்பொருளின் பட்டியில் (மெனுவில்) எழுதிவைக்க முடியாது, இடம் போதாது, போதினாலும் அவசரமாகப் பக்கம் கட்டும்போது அதை யார் படிப்பார். குட்டிச்சொல் ஒன்று வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. இதுவரை வந்தவை ‘வலவிட எழுத்து’, ‘வலத்தொடக்கம்’, ‘இடப்போக்கு’, அப்புறம் (கேலிக்குத்தான் என்று நினைக்கிறேன்) ‘இடதுசாரி எழுத்து’. என் ஓட்டு ‘இடஞ்செல்’, இடப்பக்கம் செல்வது. தமிழ், ஆங்கிலம் போன்றவற்றுக்கு ‘வலஞ்செல்’. இடஞ்சுழி, வலஞ்சுழி என்று புழங்குகிற அதே அச்சில் வார்த்தது என்பதால் காதுக்கு உறுத்தாது. ‘இடப்போக்கு’ பொருளில் குறையில்லை, ஆனால் போக்கு என்றதும் வயிறு ஞாபகம் வருகிறது, சரி அதை விடுங்கள்.

தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, தமிழில் புறப்படும் பக்கத்தை வைத்துத்தானே பெயர் என்று ‘வலத்தொடக்க’க்காரர் நன்றாகவே மடக்கினார். ஆனால் பக்க வடிவமைப்பில் ‘வல’ என்று தொடங்கும் சொல்லைப் பார்த்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ரைட் அலைன்மென்ட், அதாவது வலது ஒழுங்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த வேலையின் தலையாய நோய். அரபுப் பத்தியை ஒட்டிவிட்டு, வலது ஒழுங்குப் பொத்தானை அழுத்திவிட்டு, முடிந்தது என்று போய்விடுவார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். கடைசி வரியின் முற்றுப்புள்ளியைப் பாருங்கள்: வாக்கியத்தின் இடது முனையில் நிற்க வேண்டியது வலது முனையில் போய், வாக்கியம் புள்ளியோடு தொடங்குவதுபோல் நிற்கும். ஏனென்றால் பத்தியின் அடிப்படைத் திசை இன்னும் வலஞ்செல்லாகவே இருக்கிறது, ஒழுங்கு மட்டும் மாறியிருக்கிறது. ‘திசை: இடஞ்செல், ஒழுங்கு: வலது’ என்று இரண்டு வரி அடுத்தடுத்து இருந்தால் இவை வேறு வேறு சங்கதி என்று கண்ணிலேயே படும். இரண்டிலும் ‘வல’ இருந்தால் படாது.

தமிழ்ப் பக்கத்துக்குள் அரபு வரும்போது இன்னும் வேடிக்கை. துஆ கிதாபு (பிரார்த்தனைப் புத்தகம்), குர்ஆன் மொழிபெயர்ப்பு எல்லாம் கட்டுகிறவர்களுக்கு இது தெரியும். தமிழ் வாக்கியம், நடுவில் ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனத்தின் அரபு, அதை ஒட்டிப் பிறைக்குறிக்குள் (அடைப்புக்குறிக்குள்) அத்தியாயமும் வசனமுமாக 2:255, பிறகு மீண்டும் தமிழ். எண்ணுக்குச் சொந்தமாக வலுவான திசை கிடையாது, முன்னால் வந்த எழுத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் வசனத்துக்கு வலப்புறம் வர வேண்டிய 2:255 அரபையே தாண்டிப் போய் அதன் இடப்புறம் உட்கார்ந்துகொள்ளும். பழைய மென்பொருளாக இருந்தால் எண்ணோடு ஒரு பிறை மட்டும் போகும், மற்றது வலக்கோடியிலேயே நிற்கும், இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. 2013இல் வந்த யூனிகோடு 6.3தான் பிறைகளைச் சோடியாகப் பார்க்கும் விதியைக் கொண்டுவந்தது. அதன் பிறகும் எண் தாவுவது தாவுவதுதான், பிறைகள் சேர்ந்து தாவும், அவ்வளவே. அரபு முடிந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைப் போட்டால் எண் தன் இடத்துக்கு வந்துவிடும். அதை ‘வலஞ்செல் குறி’ என்றால் என்ன செய்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. பிறைக்குள் ‘அல்பகரா 2:255’ என்று தமிழில் சூராவின் (அத்தியாயத்தின்) பெயரையும் சேர்த்து எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே வராது, ‘அ’ என்ற வலஞ்செல் எழுத்து உள்ளே வந்து எல்லாவற்றையும் பிடித்துவைத்துவிடும்.

பிறைக்குறி பற்றி ஒன்று. யூனிகோடு முதல் பதிப்பில் அதற்குத் திறக்கும் பிறை என்றுதான் பெயர், பிற்பாடு இடது பிறை என்று மாற்றிவிட்டார்கள். இடஞ்செல் உரையில் அந்த ‘இடது’ பிறை வலப்பக்கம், முகம் திரும்பி நிற்கிறது. நாம் திறப்புப்பிறை, மூடுபிறை என்றே வைத்துக்கொள்வோம்.

‘இடஞ்செல் மொழி’ வேண்டாம், ‘இடஞ்செல் எழுத்து’ என்றே சொல்வோம். திசை எழுத்துமுறைக்கு உரியது. நம்மிடமே சான்று இருக்கிறது: காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை முஸ்லிம்கள் எழுதிய அரபுத்தமிழ், அதாவது அர்வி. அப்படியே தமிழ்தான், எழுத்து அரபு, ஓட்டம் வலமிருந்து. பஞ்சாபியும் அப்படித்தான், குர்முகியில் வலஞ்செல், ஷாமுகியில் இடஞ்செல். ‘தமிழ் வலஞ்செல் மொழி’ என்று ஒரு உதவிக்குறிப்பில் எழுதினால் அர்வி ஏட்டைத் தட்டச்சு செய்ய வருகிறவர் என்ன செய்வார்?

இரண்டு திசையும் கலந்து வருவதற்கு ‘இருதிசை உரை’ போதும், அதில் மாற்றம் வேண்டாம். எழுத்துகளைப் படிக்கிற வரிசையில் சேமிப்பது லாஜிக்கல் ஆர்டர், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமிப்பது விஷுவல் ஆர்டர், இந்த இரண்டுக்கும் ‘வாசிப்பு வரிசை’, ‘காட்சி வரிசை’. ‘தருக்க வரிசை’ என்று யாரும் தொடங்க வேண்டாம், தயவுசெய்து. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் ‘கெ’ என்பது கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில். அந்த மாற்றத்தில் அடிபட்ட நமக்குக் காட்சி வரிசை என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அரபில் அதே கதை பெரிய அளவில்: இருதிசை தெரியாத மென்பொருளில் எழுத்தைப் பின்னிருந்து முன்னாக அடுக்கி ஒட்டிச் சமாளித்தவர்கள் உண்டு, பத்தியின் அகலம் கொஞ்சம் குறைந்து வரி மடிந்தால் வசனத்தின் தொடக்கம் இரண்டாம் வரிக்கும் முடிவு முதல் வரிக்கும் போய்விடும்.

இதெல்லாம் அரபுக்காரர்கள் பாடு, நமக்கேன் கலைச்சொல் என்ற கேள்விக்கு: ஸ்க்ரைபஸ் என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் 2017இல் 1.5.3 பதிப்பு வரும்வரை யூனிகோடு தமிழே ஒழுங்காக வராது, கொம்பும் காலும் தனித்தனியே கிடக்கும். அதைத் தீர்த்த புதிய உரை எந்திரம் ஓமானில் ஒரு குழு அரபுக்காகச் செய்த வேலை. ஸ்க்ரைபஸின் பட்டியைத் தமிழாக்கும்போது இந்தச் சொற்கள் எப்படியும் வந்து நிற்கும்.

கஷீதாவை, அதாவது வரியை நிரப்ப அரபு எழுத்துகளுக்கு இடையிலுள்ள இணைப்பை இழுத்து நீட்டுவதை, அப்படியே கஷீதா என்று விட்டுவிடலாம். முதுகு வலப்பக்கம் வரும் புத்தகத்துக்கு ‘வலக்கட்டு’ என்று யோசித்தேன், மேலே ‘வல’ வேண்டாம் என்று சொன்னவனே இங்கே அதைச் சொல்கிறேன்தான், ஆனால் கட்டு என்பது எந்தப் பக்கம் தைத்திருக்கிறது என்பதே தவிர எந்தப் பக்கம் போகிறது என்பதல்ல. பைண்டிங் வேலை தெரிந்தவர்கள் வேறு சொல் வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.