புது மொழியைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி எடுத்தவர்கள் உண்டா? உங்கள் கதையைச் சொல்லுங்கள்

ஒரகடத்துக்காரன்

நானே ஆரம்பிக்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை எழுதி, ரிசல்ட் வந்த அன்று புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டேன். 180-க்கு 96. பாஸ் மார்க் 90தான். ஆனால் லிசனிங்கில் தனியாக 60-க்கு 19 எடுத்தாக வேண்டும். நான் எடுத்தது 17. "அதான் 96 இருக்கே, அப்புறம் என்ன ஃபெயில்?" என்று வீட்டில் கேட்டார்கள். அதை விளக்கி முடிப்பதற்குள் இன்னொரு தடவை ஃபெயிலான மாதிரி இருந்தது.

அதற்கு முந்தின நிலையான என்5 வரைக்கும் ஜாலியாகத்தான் போனது. ஹிரகனா 46 எழுத்து. 247-ஐப் பார்த்தவனுக்கு அது என்ன பிரமாதம்! அப்புறம் வந்தது கான்ஜி, சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். உயிர், பிறப்பு என்ற பொருளில் வரும் ஒரே எழுத்தை ஒரு சொல்லில் 'செய்' என்று படிக்க வேண்டும், இன்னொன்றில் 'ஷோ', வேறொன்றில் 'நாமா'. ஞாயிற்றுக்கிழமை மனப்பாடம் செய்தது புதன்கிழமை இருக்காது. ஃபோன் ஆப் மட்டும் 'தொடர்ந்து 200 நாள்' என்று பாராட்டிக்கொண்டே இருந்தது. அதைப் படிப்பு என்று நம்பியது என் தப்பு.

பரணில் ஏற்றி நாலு மாதம் இருக்கும். எங்கள் பிளான்ட்டுக்கு ஜப்பானிலிருந்து வந்திருந்த ஒரு சீனியர் இன்ஜினியர், கேன்டீனில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அம்மா கொடுத்துவிட்ட காரச்சேவு டப்பாவை நீட்டி, "தபேதே மிதே குதசாய்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. 'தபேதே' என்றால் சாப்பிட்டு. 'மிதே' வருவது 'மிரு'விலிருந்து, அதாவது பார். அட, சாப்பிட்டுப் பாருங்கள்! இதே இலக்கணத்தைப் புத்தகத்தில் இங்கிலீஷில் அரைப்பக்கம் விளக்கியிருந்தார்கள். நானும் மூச்சு முட்ட உருப்போட்டிருந்தேன். தமிழில் யோசித்திருந்தால் ஒரு வரி.

அவர் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு, கண் கலங்க "கராய்!" என்றார். தமிழ் பேசுகிறார் என்றே ஒரு நொடி நினைத்துவிட்டேன். ஜப்பானில் காரமாக இருந்தால் அப்படித்தான் சொல்வார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இந்த மாதிரி சொற்களைத் திரட்டி, இரண்டும் உறவு மொழிகள் என்றே வாதாடினார். மொழியியல்காரர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. உறவோ இல்லையோ, அன்று ராத்திரி பரணில் ஏறினேன். 'கத்தே ஓகு' என்பது வாங்கி வை. 'தபேதே ஷிமத்தா' என்பது சாப்பிட்டுவிட்டேன், அதில் ஒளிந்திருக்கும் 'ஐயோ, தீர்ந்துபோச்சே' உட்பட. நோட்டில் இங்கிலீஷ் அர்த்தங்களை எல்லாம் அடித்துவிட்டுப் பக்கத்தில் தமிழில் எழுதினேன். விடிய இரண்டு மணி.

லிசனிங்குக்கு இப்போது கம்பெனி பஸ்ஸில் ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் எளிய செய்தி கேட்கிறேன். தினம் ஒரு செய்தி, அதையே மூன்று தடவை. அதற்கு மேல் ஆசைப்படுவதில்லை.

மடிவாளாவாசி

உங்களுக்குப் பேச ஆள் இல்லை. எனக்கு இங்கே எல்லோரும் தமிழிலேயே பதில் சொல்லிவிடுவதுதான் பிரச்சினை. பெங்களூரில் 11 வருஷம், கன்னடம் 'ஸ்வல்ப ஸ்வல்ப'.

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள்தான் வழி காட்டினாள். "அப்பா, நம்ம 'ப'வை 'ஹ' ஆக்கிடு, பாதி வந்துரும்." பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, புலி ஹுலி, பத்து ஹத்து. நாலு நாள் வீட்டில் இதே விளையாட்டு. அந்தத் தைரியத்தில் காய்கறிக் கடைக்குப் போய், சாம்பாருக்கு "அர்த கேஜி பரங்கிகாயி கொடி" என்றேன். அந்தம்மா ஒன்றும் கேட்கவில்லை, பச்சைப் பப்பாளியை எடுத்து வெட்டிக் கொடுத்தார். இங்கே பப்பாளிக்குப் பேர் பரங்கி. நம் பரங்கிக்காய் இங்கே கும்பளகாயி. மாற்றிக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்து கூட்டு வைத்தோம்.

மறுநாள் உண்மையைச் சொன்னேன். அந்தம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரரும் வந்துவிட்டார். அன்றிலிருந்து என்னிடம் தமிழ் பேச மாட்டேன் என்கிறார். எனக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

ஸ்டுட்கார்ட் அக்கா

ஜெர்மன் மொழியில் பி2 நிலை பாஸ் பண்ணிவிட்டுத்தான் தம்பி, இங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு ஃபிளைட் ஏறினேன். முதல் வாரமே ஒரு சீனியர் பி.பி. 135 என்று சொல்ல, சார்ட்டில் 153 என்று எழுதிவிட்டேன். ஜெர்மனில் 'நூற்று ஐந்தும் முப்பதும்' என்று தலைகீழாக வரும். கூட இருந்த நர்ஸ் உடனே பார்த்துத் திருத்திவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரூமுக்கு வந்து, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று அழுதேன்.

என்னைத் தேற்றியது வார்டில் இருந்த ஒரு பாட்டி. சாயந்திரம் சீட்டாடுவார், ஸ்கோர் எழுதுவது என் வேலை. ஒன்றுகள் இடத்து எண்ணை முதலில் எழுதி, இடது பக்கம் விட்ட இடத்தில் பத்துகள் இடத்து எண்ணைப் போடப் பழகினேன். தப்பாக எழுதினால் பாட்டி தோற்றுவிடுவார், திட்டும் விழும். 'கொஞ்சம்' என்பதற்கு அவர் சொல்லும் 'பிஸ்லே' எந்தப் பாடத்திலும் வரவில்லை. அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரகடத்துக்காரன்

அக்கா, எண் பற்றிச் சொன்னீர்களே, இங்கேயும் அதே கதை. ஜப்பானில் லட்சம் கிடையாது. பத்தாயிரம்தான் கணக்கு, அது 'மான்'. லட்சம் என்றால் பத்து மான். நேற்று மீட்டிங்கில் 15 லட்சம் யென் என்று சொல்ல வேண்டும். மனசுக்குள் 150 மான் என்று பிரித்து, 'ஹியாகு கோஜூ மான்' என்று கோத்து முடிப்பதற்குள் நாலு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டலாமா என்று கை போனது. காட்டவில்லை.

டிசம்பர் என்4-க்கு மறுபடி பணம் கட்டியாச்சு. மடிவாளாக்காரரே, அந்தக் கூட்டு எப்படி இருந்தது என்று சொல்லவே இல்லையே?