இந்து நண்பனின் அம்மாவுக்கு குர்ஆன் ஓதலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். கூத்தாநல்லூரிலிருந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு இந்து நண்பனின் அம்மா சிறுநீரகக் கோளாறால் படுத்திருக்கிறார். நோன்புக் கஞ்சிக்கு வருஷா வருஷம் தூக்குவாளியோடு வருகிறவர். "தம்பி, எனக்கும் ஓதி ஊதேன்" என்றார்.

குணமாகவும் நேர்வழி கிடைக்கவும் துஆ (பிரார்த்தனை) கேட்கலாம் என்பது தெரியும். நபியவர்கள் நோயுற்ற யூதச் சிறுவனைப் போய்ப் பார்த்தது, அப்போது இஸ்லாத்தை ஏற்காதிருந்த தவ்ஸ் கூட்டத்தாருக்கு துஆ செய்தது எல்லாம் புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. விஷக்கடி பட்ட கூட்டத் தலைவருக்கு சஹாபி (நபித்தோழர்) ஒருவர் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதிய ஹதீஸை வைத்து இவருக்கும் ஓதலாமா? தண்ணீரில் ஓதிக் கொடுக்கலாமா?

அப்புறம், கேட்கவே சங்கடமாக இருக்கிறது. ஏதாவது ஆகிவிட்டால், குர்ஆனின் தவ்பா அத்தியாயம் 113ஆம் வசனப்படி அவருக்காகப் பாவமன்னிப்புக் கேட்க முடியாது என்கிறார்கள். அப்போது நண்பனிடம் என்ன சொல்லி ஆறுதல் கூறுவது? மார்க்கம் படித்த ஹஜ்ரத்மார்கள், அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள். சண்டை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.