விஎம் பேக்கப் ஸ்கிரிப்டில் பாராமீட்டர் பிழை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

இரவுப்பணி:
ஒரு நூல் மில்லில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். உபுண்டு சர்வரில் கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருள், அதில் 6 விஎம் (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் கணினிகள்). இரவு 11 மணிக்கு ஒவ்வொன்றுக்கும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து, டிஸ்க் ஃபைலை வேறொரு சர்வருக்கு நகலெடுக்கும் பேஷ் (லினக்ஸில் கட்டளைகளை இயக்கும் ஷெல்) ஸ்கிரிப்ட் நான் எழுதியது. கணக்குப் பிரிவுக்குப் புது விஎம் போட்டபோது "அக்கவுண்ட்ஸ் நியூ" என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்தேன். பழைய "அக்கவுண்ட்ஸ்" விஎம்மையும் ஒரு மாதம் இருக்கட்டும் என்று அழிக்கவில்லை.

அன்றிலிருந்து லாகில் 'நியூ' எதிர்பாராத தரவு என்று, விஎம்களை நிர்வகிக்கும் விர்ஷ் கட்டளை ஒரு பிழை வரி எழுதியது. பதிப்பு மாறியதில் ஏதோ ஆப்ஷன் போய்விட்டது என்று நினைத்து இரண்டு நாள் மேனுவலைப் புரட்டினேன். காலையில் வரும் மெயிலோ "பேக்கப் முடிந்தது" என்றே சொன்னது. திரையிலும் லாகிலும் சேர்த்து எழுத, அவுட்புட்டை டீ (tee) கட்டளைக்குப் பைப் போட்டு அனுப்பியிருந்தேன். டீ ஒழுங்காக முடிந்ததும் ஷெல் அதையே வெற்றி என்று எடுத்துக்கொண்டது.

பழைய விஎம்மின் ஸ்னாப்ஷாட் பட்டியலைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. யாரும் எடுக்காத "நியூ" என்றொரு ஸ்னாப்ஷாட் அங்கே இருந்தது! ஸ்கிரிப்டில் விஎம் பெயரை வைத்திருக்கும் வேரியபிளைச் சுற்றி மேற்கோள் குறி இல்லாததால் பேஷ் பெயரை இரண்டாக வெட்டியிருக்கிறது. ஸ்னாப்ஷாட் கட்டளை முதல் சொல்லை விஎம் பெயராகவும், அடுத்ததை ஸ்னாப்ஷாட் பெயராகவும் எடுத்துக்கொண்டு பழைய விஎம்மில் வேலையை முடித்துவிட்டது. டிஸ்க் பட்டியல் கேட்கும் கட்டளை ஒரே பெயரைத்தான் ஏற்கும், அதனால் அது கத்தியது. அது கத்தாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. மார்ச் கணக்கு முடிக்கும் நேரத்தில் 9 நாள் அந்த விஎம்முக்குப் பேக்கப்பே இல்லை. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

மேற்கோள் குறி போட்டேன். விஎம் பெயர், ஸ்னாப்ஷாட் பெயர் இரண்டுக்கும் ஆப்ஷன் பெயரையும் சேர்த்தே எழுதுகிறேன். பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழுவதையும் தோல்வியாக எடுத்துக்கொள்ளும் பைப்ஃபெயில் (set -o pipefail) அமைப்பும் போட்டாயிற்று.

சர்வர் அறை:
எனக்கு விஎம்களை ஓட்டும் இன்னொரு மென்பொருளான ஈஎஸ்எக்ஸ்ஐயில் நடந்தது. விஎம் பெயர்ப் பட்டியலை விண்டோஸ் நோட்பேடில் திருத்தி ஏற்றினேன். பெயர் சரியாகவே தெரியும், ஆனால் அப்படியொரு விஎம் இல்லை என்றே வரும். கடைசியில் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்து அச்சிட்டேன். மூடும் அடைப்புக்குறி வரியின் தொடக்கத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பெயரின் வாலிலும் விண்டோஸின் கேரேஜ் ரிட்டர்ன், அதாவது கர்சரை வரியின் தொடக்கத்துக்கு அனுப்பும் கண்ணுக்குத் தெரியாத குறி. அதை நீக்கியதும் ஓடியது. எந்தப் பாராமீட்டர் பிழை வந்தாலும் இப்போது முதலில் அடைப்புக்குறிதான் போட்டுப் பார்க்கிறேன்.

புதுமுகம்:
எனக்கு வேர்ட் ஃபைலில் இருந்து ஒட்டிய கட்டளை. ஆப்ஷனுக்கு முன் வரும் இரட்டைக் கோடு (--) ஒரே நீளக் கோடாக மாறியிருந்தது. விண்டோஸின் ஷெல்லான பவர்ஷெல் நீளக் கோட்டையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், விண்டோஸின் விஎம் மென்பொருளான ஹைப்பர்-வியில் இந்தச் சிக்கல் வந்ததே இல்லை, லினக்ஸில் மாட்டிக்கொண்டேன். அண்ணா, பைப்ஃபெயிலை எங்கே போடணும்?

இரவுப்பணி:
ஸ்கிரிப்டின் முதல் வரிக்கு அடுத்தே போடுங்க தம்பி. மெயில் அனுப்பும் முன் வெளியேறும் குறியீடு பூஜ்ஜியமா (பூஜ்ஜியம் என்றால் வெற்றி) என்று பார்க்கவும் எழுதிடுங்க. அப்புறம் பட்டியலில் இல்லாத விஎம் பெயர் ஒன்றை வேண்டுமென்றே சேர்த்து ஓட்டிப் பாருங்க. "தோல்வி" என்று மெயில் வந்த பிறகு தூங்கப் போங்க.